ஆறாவது கோப்பை

சால்மியாவில் ஆகஸ்ட் மாதம்
குளிர்நீர்க் குழாயில்தான் வெந்நீர் வரும்.
இந்த ஊரின் தலைகீழ்களில்
எனக்கு உதவுகிற ஒன்று இதுதான்:
ஏர்பிரஷ் கழுவத் தண்ணீர் காய்ச்ச வேண்டாம்.

இரவு ஒன்றேகால்.
மாரிசெல் தரையில் உதிர்ந்த பொய் இமைகளைப்
பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்.
மேடம் ஹெஸ்ஸா கல்லாவைப் பூட்டி,
"கனா, விளக்கை அணைக்க மறக்காதே" என்று
போய்விட்டார்.
ஞானசெல்வி. சுருக்கி ஞானா.
ஆங்கிலத்தில் எழுதி, அரபியில் வாசித்து
கனா ஆகிவிட்டேன்.
ஆறு வருடமாகத் திருத்தவில்லை.

முதலில் மிச்சத்தைக் கவிழ்க்க வேண்டும்.
கோப்பை அடியில் இன்றைய மணமகளின் கன்னம்,
ஏழாம் எண்ணும் ஒன்பதும் கலந்து நாலைந்து சொட்டு.
டிஷ்யூவில் விழுந்ததும் அது
யாருடைய தோலும் இல்லை. சிந்திய டீ.

பிறகு தண்ணீர் ஊற்றி
நுனியை விரலால் பொத்தி, விசையை அழுத்த வேண்டும்.
போக வழியில்லாத காற்று
வந்த வழியே திரும்பிக் கோப்பைக்குள் குமிழியிடும்.
உள்ளே ஒட்டியிருப்பதெல்லாம் மேலே வரும்.
பழுப்பு வந்தது. இளஞ்சிவப்பு வந்தது.
அப்புறம் பச்சை.

பச்சை மணமகளுக்குப் போட்டதில்லை.
அவள் அக்காவுக்கு.
அபு ஹலீஃபாவிலிருந்து வந்த நம்ம ஊர்க் குடும்பம்.
அரக்குப் பட்டு, கையில்லாத ரவிக்கை.
"கார் கதவு இடிச்சிடுச்சு" என்றாள்
நான் கேட்பதற்கு முன்பே.
புஜத்தில் வரிசையாக நான்கு சிவப்பு,
உள்பக்கம் தனியாக ஒன்று.
விரல் வைத்த கார்
எந்தக் கம்பெனி விற்கிறது என்று நான் கேட்கவில்லை.
சிவப்பை அடக்கப் பச்சை.
பச்சையை அடக்கத் தோல்நிறம்.
ஒரு சாண் தள்ளிப் பிடித்து மூன்று பூச்சு.
கையைத் திருப்பித் திருப்பிக் கண்ணாடியில் பார்த்தாள்.
"தொட்டா ஒட்டாதே?"
"பன்னிரண்டு மணி நேரம் நிக்கும்க்கா."
அவள் மணியை எண்ணிக்கொண்டது தெரிந்தது.

ஊசியைப் பின்பக்கமாக உருவுகிறேன்.
நுனி வளைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது,
கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்தால் பிறாண்டும்.
வளைந்த ஊசி பூவாய்த் தூவாது, துப்பும்.
நுனிக்குழல் அரிசிக் குருணை அளவு.
போன ரமலானில் ஒன்றை வாஷ்பேசினில் விட்டேன்,
பதினோரு தினார் சம்பளத்தில் பிடித்தார்கள்.
அதிலிருந்து வடிகாலை அடைத்து
வெள்ளைத் துணி விரித்துத்தான் கழற்றுவது.

மூன்றாவது கோப்பையில் தண்ணீர் தெளிய வேண்டும்.
அதுதான் கணக்கு.
நான்கில் பச்சை. ஐந்தில் பச்சை.
மாரிசெல் எட்டிப் பார்த்து
சுத்தமாகத்தானே இருக்கிறது, போதும் என்கிறாள்.
ஆறாவதை ஊற்றுகிறேன்.

கிளம்பும்போது அந்தக்கா கேட்டாள்:
அந்தப் பச்சை எங்கே கிடைக்கும், எண் என்ன?
"சலூனுக்கு மட்டும்தான் வருது" என்றேன்.
ஃபஹாஹீலில் கிடைக்கும். மூன்றரை தினார்.
எண் இருபத்திரண்டு.
ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை.
பச்சை இல்லாவிட்டால்
முழுக்கை ரவிக்கை தைத்துக்கொள்வாள், அவ்வளவுதானே.

ஊசிக்கு ஒரு துளி எண்ணெய்.
எல்லாவற்றையும் பூட்டி
என் புறங்கையில் வெறுமனே ஒருமுறை ஊதிப் பார்க்கிறேன்.
சில்லென்று காற்று மட்டும்.

எண் கேட்டாளே,
என் எண்ணையாவது கொடுத்திருக்கலாம்.

மாரிசெல் கம்ப்ரெஸரை நிறுத்துகிறாள்.
இவ்வளவு நேரமும் அது
இரைந்துகொண்டிருந்தது இப்போதுதான் கேட்கிறது.