நாற்பது விழுக்காடு

கடைசி வரியின் பொடி எழுத்துவரை
தப்பில்லாமல் வாசித்தேன்.
"நல்லாத்தானம்மா தெரியுது" என்றார் டாக்டர்.
தெரிகிறது,
தெரிகிற இடத்தில் தெரிகிறது.
வலை மிதவையின் நடுத்துளையைக்
கண்ணில் வைத்துப் பாருங்கள்:
அதற்குள் இருப்பது என் உலகம்.
சுற்றியுள்ள மஞ்சள் பிளாஸ்டிக்கில்
நீங்கள் எல்லோரும் நிற்கிறீர்கள்.

இதைச் சொல்லவில்லை. வரிசை நீளம்.
"பக்கப் பார்வைக்கு மெஷின் இங்க இல்ல,
மதுரைக்குப் போங்க" என்று
சீட்டு ஒன்று கிழித்தார்.
நாற்பது விழுக்காடு இருந்தால்தான் அட்டை.
எழுந்தபோது
அவர் மேசைக்கால் என் காலை இடித்தது.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நண்டுக் கம்பெனியில் எடை எழுதுகிறேன்.
தராசின் சிவப்பு எண்
கிராம் பிசகாமல் துளைக்குள் வரும்.
தரையில் இருக்கும் தொட்டி வராது.
"எழுத மட்டும் தெரியுது,
எதுத்தாப்ல வர்ற ஆள் தெரியலையோ"
மேஸ்திரி கேட்கும்போது
தோலுரிக்கும் நாற்பது கத்திகளும்
ஒரு நொடி நிற்கும்.
"நடிக்கிறா" என்று சொன்னது
ராபியாத்தானா, இல்லை
அவள் பக்கத்தில் இருப்பவளா,
திரும்பிப் பார்ப்பதற்குள்
எல்லா முகமும் நண்டைப் பார்க்கின்றன.

மஃக்ரிபுக்குப் பிறகு வரும்
பெரியபட்டினம் பஸ்.
ஜன்னலோரம் ஒரு ஆள்.
"கொஞ்சம் தள்ளி உக்காருங்க காக்கா."
அசையவில்லை.
"காக்கா."
மூன்றாம் தடவை கேட்கவில்லை,
பாதி சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
அகம்பாவம் பிடித்த மனுசன்.

ரெட்டையூரணி தாண்டியதும்
அவர் கத்தினார்.
பேச்சுத்தான், ஆனால்
கடலில் இருந்து கரைக்குப் பேசுகிற சத்தம்.
"எவ்வளவு நேரம்மா நீட்டிக்கிட்டே இருக்கிறது!
கண்டக்டர் குடுத்த உன் மீதிச் சில்லறை!
பெரிய வீட்டுப் பொண்ணா நீ?"
பஸ்ஸே திரும்பியது.
கை என் மடிக்கு அருகில் இருந்ததாம்.
அங்கே நான் இல்லை.

சீனி உதுமான். சங்கு குளித்தவர்.
எட்டுப் பாகத்தில் இறங்கும்போது
இடது காது கிழிந்ததாம்.
"ஊதிக்கிட்டே இருக்கும்மா,
எடுத்த சங்கு பூரா உள்ள உக்காந்து ஊதுது."
அவருக்கும் இன்றைக்குத்தான் முகாம்.
வலது காது நன்றாக இருப்பதால்
முப்பது விழுக்காடு போட்டுவிட்டார்கள்.
"பத்துக்கு என்ன செய்யட்டும்,
இன்னொரு தடவ குளிக்கட்டுமா?"

சிரித்தோம்.
அவர் வலப்பக்கம் போய் உட்கார்ந்து
என் கண்ணைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, பஸ்ஸுக்கே கேட்கிற ரகசியமாக,
"நான் உன்னைத் திமிர் பிடிச்சவன்னு நினச்சேன்."
"நானும்தான்."

கண்ணில்லாதவன் தோளில்
காலில்லாதவன் ஏறி ஊர் சேர்ந்தானே,
அந்தக் கதை இல்லை இது.
அவர் முந்தின நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.
"வர்றேன் காக்கா" என்றேன்.
இடது பக்கமாக நின்றிருப்பார் போல,
பதில் இல்லை.
இந்தத் தடவை
எனக்குக் கோபம் வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் நிறுத்தத்தில் கரண்ட் இல்லை.
மையவாடிச் சுவர்வரை அறுபத்திரண்டு அடி,
பிறகு இடது.
காற்று கச்சான்,
கருவாட்டு வாடை வலப்பக்கம் இருக்கும்வரை
வழி சரி.
நாற்பத்தொன்றாம் அடியில்
நேற்று இல்லாத ஜல்லிக் குவியல்.
முட்டி. உள்ளங்கை.
கைப்பையைத் தடவினேன்: மதுரைச் சீட்டு இருக்கிறது.

எழுந்து நின்று, எண்ணிக்கை தொலைந்து,
இருட்டில்
யாரோ நிற்பதுபோல இருந்தது.
தெரிந்தவராக இருக்கலாம்.
இந்நேரம் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கலாம்,
நாளைக்குக் கம்பெனியில் வந்து
கண்டும் காணாமல் போனாள் என்று சொல்லலாம்.
எதற்கும் இருக்கட்டும் என்று
அந்தப் பக்கமாகச் சிரித்துவைத்தேன்.

குரைத்தது.