இரவல் அட்டை

இந்தத் தீவில் ஓர் ஆளுக்கு ஒரே வேலை என்றால் கட்டுப்படியாகாது.
படகுத்துறையில் கயிறு பிடிப்பவன் நான்,
பள்ளி வேன் ஓட்டுபவன் நான்,
விமானம் வந்தால் தீயணைப்பு உடுப்பை மாட்டிக்கொள்பவன்,
மூன்று மணிக்கு மேல் வகுப்பறை பெருக்குபவனும் நானே.
பதினொரு பிள்ளைகள். ஒரு துடைப்பம்.

செவ்வாய்க்கிழமைப் படகில் தோரா ட்ரீவர் வருவார்.
மீன் பெட்டியொன்றில் லேமினேஷன் இயந்திரம்,
அதன்மேல் கோப்புகள், அதன்மேல் மழைக்கோட்டு.
நான்கு தீவு, ஐந்து பள்ளி, ஒரே ஆள்:
எழுத்துகள் இடம் மாறித் தெரிகிற பிள்ளைக்கும்
நாற்காலி இழுபடும் ஓசைக்கு
மேசைக்கடியில் போய்விடுகிற பிள்ளைக்கும்
என்ன வேண்டும், யார் தருவது, எத்தனை மணி நேரம் என்று
கணக்கு வைத்திருப்பவர்.
ஒருங்கிணைப்பாளர் என்கிறது கழுத்தட்டை.
கடல் ஒத்துழைத்தால்தான் இங்கே எதுவும் ஒருங்கிணையும்.

மேசைக்கடியில் போகிறவன் எர்லெண்ட். எட்டு வயது.
முதல் மாதம் தோரா என்னிடம் கேட்டது ஒன்றுதான்:
"நாற்காலிக் கால்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா?"
பழைய நண்டுக்கூண்டு ரப்பரை அறுத்து
நாற்பத்து நான்கு கால்களுக்கும் செருப்புப் போட்டேன்.
கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் ஃப்யூஸைப் பிடுங்கி
பையில் போட்டுக்கொண்டேன். யாரும் தேடவில்லை.

பிறகொரு நாள் அவரே படிவத்தைத் திருப்பிக் காட்டினார்.
'ஆதரவு தருவோர்' என்ற கட்டத்தில்
உளவியலாளருக்குக் கீழே,
பேச்சுப் பயிற்சியாளருக்குக் கீழே
(பனிமூட்டம் இல்லாவிட்டால் ஆண்டுக்கு இருமுறை வருவார்)
என் பெயர்.
ஓர் எழுத்துப்பிழையோடு.
அன்று வீட்டில் சொல்லவில்லை. இரண்டு நாள் பொறுத்துச் சொன்னேன்.

நவம்பரில், படகிலிருந்து இறங்கி நிற்கும்போதே
கிர்க்வாலிலிருந்து அழைப்பு:
அவருடைய நேரத்தைக் குறைக்கிறார்கள், வாரத்துக்கு அரை நாள்.
பிள்ளைகள் குறையவில்லை.
வேனில் ஏறி சாண்ட்விச்சைப் பிரித்தார்.
கடிக்கவில்லை. மறுபடியும் சுற்றினார்.
நான் என்ன கேட்பது?
பள்ளிக்கு நான்கு நிமிடப் பாதை.
திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல்
கடல்நாய்கள் கிடக்கும் கரையைச் சுற்றிக்கொண்டு போனேன்,
மாடு நடக்கிற வேகத்தில்.
இருபது நிமிடம். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
இறங்கும்போது "நன்றி" என்றார், நான் ஒன்றும் பேசாததற்கு.

எர்லெண்டிடம் ஒரு வளையம் நிறைய அட்டைகள் உண்டு,
தோரா செய்து தந்தவை.
'போதும்.' 'சத்தம் அதிகம்.' 'வெளியே போக வேண்டும்.' 'உதவி வேண்டும்.'
பேச்சு வராத வேளையில் தூக்கிக் காட்டுவான்.
அன்று அவரை உற்றுப் பார்த்தான்,
முகத்தை அல்ல, கைகளை.
"உங்கள் அட்டை எங்கே?"
"எனக்கு இல்லை."
"யார் செய்து தருவார்?"
தோரா பதில் சொல்லத் தொடங்கி, தொடங்கிய இடத்திலேயே நின்றார்.
நான் சன்னலைத் துடைத்தேன்; சன்னல் சுத்தமாகத்தான் இருந்தது.
அவன் வளையத்தைத் திறந்து கடைசி அட்டையைக் கழற்றினான்.
"இரவல்தான். அடுத்த செவ்வாய் வேண்டும்."
நூலகப் பதிவேட்டில் தேதி போட்டு எழுதியும் வைத்தான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
அறிக்கைகளுக்கு நடுவே அதை மேசைமேல் வைத்தாராம்.
கொஞ்ச நேரம் யாரும் தேநீரைக் கிளறவில்லையாம்.
அரை நாள் திரும்பி வரவில்லை.
ஆனால் தெற்குத் தீவுகளைப் பார்த்துக்கொள்ளும் மார்ஜரி லின்க்லேட்டர்
வியாழன் மாலைகளில் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார்.
பாதி நேரம் படிவம், பாதி நேரம் வசவு என்று கேள்வி.

செவ்வாய். மேற்குக் காற்று.
இரண்டாம் வீச்சில்தான் கயிறு கைக்கு வந்தது.
மீன் பெட்டியை இறக்கினேன், எல்லாவற்றுக்கும் மேலே அட்டை.
எர்லெண்ட் பள்ளி வாசலிலேயே வாங்கி
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ஒரு மூலை மடங்கியிருந்தது.
அதற்காக அன்று பகல் முழுக்க அவரோடு பேசவில்லை.
பதிவேட்டில் மட்டும் எழுதினான்:
"திரும்பி வந்தது. பயன்படுத்தியிருக்கிறார்."