இவண்

போகிக்கு முந்தின ராத்திரி.
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது.
நெல் ஏற்றிய சரக்கு வண்டி,
நாற்பத்திரண்டு பெட்டி. எண்ணிப் பழக்கம்.
அதிர்வில் ஷட்டர் நடுங்க
போன வருஷத்துப் பைலைத் திறக்கிறேன்:
'பொங்கல் பைனல் நாலு'.

வருஷத்தை மட்டும் மாற்றினால் போதும்.
கரும்பு நின்ற இடத்தில் நிற்கும்.
பானை பொங்கியபடியே இருக்கும்.
கீழே நாலு முகங்கள்.

புரூணையிலிருந்து ஜெகபர் புதுப் படம் அனுப்பியிருக்கிறான்.
தாடியில் மருதாணி, வேறு கண்ணாடி.
"வயிறு தெரியாம வெட்டுடா" என்கிறது குரல் செய்தி,
பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.
குவைத்தில் கிரேன் ஓட்டும் ஆரோக்கியதாஸ்
கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, இதற்கும் இல்லை.
இரண்டாயிரம் ஜிபே பண்ணிவிட்டு
ஹெல்மெட்டோடு ஒரு படம்.
வழுக்கையைக் காட்ட மாட்டானாம்.
என் படம் மட்டும் பழையது.
கடைக்காரனுக்கு அந்தச் சலுகை உண்டு.

நாலாவது முகத்துக்குப்
பதினோரு வருஷமாய் வேலையே இல்லை.
ஹவில்தார் திருமேனி.
சீருடை, மீசை,
நெட்டில் எடுத்த மாலை, நெட்டில் எடுத்த விளக்கு.
முதல் வருஷம் எங்களுக்கு அண்ணன் போல இருந்தான்.
இப்போது தம்பி.
இன்னும் பத்துப் பொங்கல் போனால்
நாங்கள் பெற்ற பிள்ளை போல நிற்பான்.

ஆள் எடுப்புக்கு நாலு பேரும்தான் போனோம்.
திருச்சி மைதானம், விடியாத நேரம், சட்டையில்லாத வரிசை.
எனக்கு மார்பு ஒன்றரை சென்டிமீட்டர் விரியவில்லை.
அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான்
இந்தக் கடை இருக்கிறது,
என் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகப் பேசியது ஒரு மார்கழியில்.
"இங்க ஒரே பனிடா" என்றான்.
"இங்கயுந்தான். வெண்ணாத்துப் பாலமே தெரியல" என்றேன்.
சிரித்தான். லைன் அறுகிற வரைக்கும் சிரித்தான்.
நம்மிடம் இரண்டுக்கும் ஒரே சொல்,
கதிரில் வந்து உட்கார்வதற்கும்
ஆளை மூடுவதற்கும்.
தோண்டியெடுக்க ஒன்பது நாள் ஆயிற்று.

இன்று சாயங்காலம் மங்கையர்க்கரசி வந்தாள்.
கொள்முதல் நிலையத்தில் பில் போடுகிறவள்,
புடவையெல்லாம் நெல்லுச் சுணை.
பிளாஸ்டிக் உறையிலிருந்து படம் ஒன்றை எடுத்து வைத்தாள்.
"இந்தத் தடவை இதப் போடுங்க.
மாலை வேணாம், விளக்கு வேணாம்,
உங்க வரிசையிலயே வைங்க.
யூனிபார்மோட அவரு வீட்ல இருந்ததே இல்ல."

மூணாறு தலைப்பில் எடுத்த படம்.
மதகுக் கம்பியில் சாய்ந்து, வெயிலுக்குக் கண் சுருங்கி,
பச்சைக் கட்டம் போட்ட சட்டையில்.
"என்னைப் பாக்க வந்தப்ப போட்டிருந்தது" என்றாள்.
தெரியும்.
மன்னார்குடியில் நான் தைத்த சட்டை.
ஒரு நாளைக்கு என்று வாங்கிப் போனான்.
அவளிடம் சொல்லவில்லை.
"நல்லாருக்கு" என்றேன்.

மாலையை எடுத்தேன். விளக்கை எடுத்தேன்.
ஜெகபருக்கும் எனக்கும் நடுவில் வைத்தேன்.
தோள் இடித்தது. கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.
பெயருக்கு முன்னால் 'அமரர்' இருந்தது.
அழித்தேன்.
திரும்பத் தட்டினேன்.
அழித்தேன்.

முகங்களுக்கு மேலே எப்போதும் போல 'இவண்'.
இங்கே என்றுதான் அதற்குப் பொருள்.
இத்தனை வருஷம் அச்சடித்தும்
இன்றைக்குத்தான் வாசித்தேன்.
நாலு பேரில் இங்கே இருப்பது நான் ஒருத்தன்,
அதுவும் ஒன்றரை சென்டிமீட்டர் குறைவாக.

கேட் திறந்துவிட்டார்கள்.
அறுவடை இயந்திரம் ஒன்று
தெருவையே அடைத்துக்கொண்டு முதலில் போகிறது.

எட்டுக்கு ஆறு. விடிந்ததும் கட்ட வேண்டும்.
பாலத்தடியில் காற்று அதிகம்.
பிளேடால் நாலு இடத்தில் பிறையாகக் கிழித்துவிடாவிட்டால்
பேனர் தாங்காது.
எந்த முகத்திலும் கை வைக்க மாட்டேன்.
பானையில் கிழிப்பேன்.