பதினாறாம் வளைவு

பொய்ப்பல் செய்வது என் தொழில்.
அரிசியில் கால்வாசி இடைவெளியைக்கூட
விரல் நுனி சொல்லிவிடும்.
அதனால்தான் ஸ்தென்கா
இரண்டு ஹெல்மெட்டையும் சமையல் மேசையில் கவிழ்த்துவிட்டு
"நீயே மாட்டு" என்றாள்.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
எங்கள் வண்டியையும் அவள்தான் ஓட்டுவாள்.
பதினொரு வருடமாக நான் பின் சீட்டு.

கன்னத்துப் பஞ்சை உருவினேன்.
உள்ளே அவள் முடி ஒன்று, பாதி நரை.
எடுத்துப் போடவில்லை.
காது எங்கே விழுகிறது என்று தெரியவேண்டுமே,
லிப்ஸ்டிக்கை அவள் காதுமடலில் பூசி
போட்டுக் கழற்றச் சொன்னேன்.
சிவப்புக் கறையின் மேல் ஸ்பீக்கர் வில்லை.
உதட்டுக்கு ஒரு விரல் தள்ளி மைக்.
டேங்க்குக்கு அடியில், சீட்டுக்கு அடியில்
ஊர்ந்து ஊர்ந்து பேட்டரிக்குப் போனது வயர்,
வழியில் இரண்டு ஆம்பியர் ஃபியூஸ்.

சாவியைத் திருப்பினால் காதில் கொசு.
ஆக்சிலேட்டரை முறுக்க
கொசு குளவியானது,
குளவி மரம் அறுத்தது.
பக்கத்து வீட்டு லுத்விக் குனிந்து பார்த்து
"எர்த்தை ரெண்டு இடத்துல எடுத்திருக்கியே" என்றான்.
ஒரு பியருக்கு ஒரு வயரை வெட்டினான்.
அமைதி.

இதற்கு முன்பும் பேசிக்கொண்டுதான் இருந்தோம்.
இடது தோளில் ஒரு தட்டு: காபி.
இரண்டு தட்டு: மூத்திரம்.
முழங்காலால் இடுப்பை நெருக்கினால்: மெதுவாகப் போ.
கடைசியை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஜூன் ஞாயிறு, வர்ஷிச் கணவாய்.
ஐம்பது கொண்டை ஊசி வளைவு,
ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை.
ஏறுகிற பக்கம் வளைவில் மட்டும் கல் பாவியிருக்கும்,
ஒரு தூறல் போதும், சோப்புக்கட்டி.

இரண்டாவது வளைவிலேயே தெரிந்துபோனது
இவள் சும்மா ஓட்டுகிறவள் இல்லை.
முன்னால் போன கேம்பர் வேனின் வம்சத்தையே திட்டினாள்.
வண்டியை "வாடி கழுதைக்குட்டி" என்றாள்.
அந்தப் பெயர் எனக்குத் தெரியாது.
பாட்டு ஒன்றைத் தொடங்கி, வரி மறந்து,
ம்ம் ம்ம் என்று ஒப்பேற்றினாள்.
பதினொரு வருடப் பேச்சு
என் மூக்குக்கு ஒரு சாண் முன்னால்
காற்றில் போயிருக்கிறது.

சத்தம் கேட்டால்தான் மைக் திறக்கும்.
எவ்வளவு சத்தத்துக்கு என்பதற்கு
பெட்டியின் விலாவில் ஒரு குட்டித் திருகு.
கொஞ்சம் தளர்வாக விட்டுவிட்டேன் போல.

பதினாறில்
வண்டி சாய்ந்தது, பின் சக்கரம் கல்லில் வழுக்கிப் பிடித்தது.
நான் ஒரு வார்த்தை பேசவில்லை.
என் மூச்சு மட்டும்
கதவைத் திறந்துகொண்டு போய்
அவள் காதில் நின்றது.

பாட்டு அறுந்தது.
பதினேழு.
பதினெட்டு.
"போகோமிர், எப்போதிலிருந்து?"
"எது?"
"மூச்சைப் பிடிக்கிறது."
முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பொய் சொல்வது சுலபம்,
ஹெல்மெட்டின் பின்பக்கத்துக்குக் கண் கிடையாது.
இன்று என் வாயைக்
கொண்டுபோய் அவள் காதுக்குள்
நானே ஒட்டவைத்திருந்தேன்.
"முதல் நாளிலிருந்து."

வேகத்தைக் குறைத்தாள் என்று நினைக்கவேண்டாம்.
அதே வேகம்தான்.
ஆனால் ஒவ்வொரு பலகைக்கும் முன்னால்,
படியில் தடுமாறும் குழந்தைகளிடம் பேசுகிற குரலில்,
"வலது. நீளம். கல்லில் ஈரம்."
"இடது. சின்னதுதான். இப்போ விடு."
விட்டேன்.

இருபத்துநான்கு முடிந்து உச்சி.
எஞ்சின் நின்ற பிறகும் காதில் அவள் மூச்சு,
அவளுக்கும் கொஞ்சம் இரைத்தது.
பாறை இடுக்கில் அழுக்குப் பனி.
ஸ்க்ரூடிரைவர் சட்டைப் பையில் இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்தேன். இருந்தது.
கால்கள் நடுங்குவதைக் காட்டாமல் இறங்கி
நேராகக் கடையைப் பார்த்து நடந்தேன்.
வண்டியில் செருகியிருந்த சுருள் வயர்
நீண்டு, இன்னும் நீண்டு,
தலையைப் பின்னால் சுண்டி இழுத்தது.

சிரிப்பு இரண்டு காதிலும் கேட்டது.
பிறகு, வயரைப் பிடுங்கிவிட்டுப் பின்னாலேயே வந்தவளின் கை
என் இடது தோளில்
ஒரு தட்டு.

இறங்க இன்னும் இருபத்தாறு.