நான்கு இருக்கை

பூன் லே உணவங்காடியில்
தரையோடு முடுக்கிய மேசை.
சுற்றிலும் நான்கு முக்காலிகள்.
ஐந்தாவதை இழுத்துப்போட வழியில்லை.

ஒன்றில் நான்.
எதிரே ஒரு டிஷ்யூ பொட்டலம்:
சேந்தனுக்குப் பிடித்துவைத்த இடம்.
ஏழு பத்துக்கு அவன் வந்திறங்கும் பேருந்து
ஏழு இருபதுக்கு என்னை ஏற்றிக்கொண்டு
ஜூரோங் தீவுக்குத் திரும்பும்.

நாப்தாவை உடைக்கிற ஆலையில் நான்.
உடைந்ததைக் கோத்துச் சங்கிலியாக்கும் ஆலையில் அவன்.
இடையே ஒரு சாலை, ஒரு குழாய்.

சோடியம் கொடுத்துவிடும்.
குளோரின் பிடுங்கிக்கொள்ளும்.
முட்டைமேல் நான் தூவும் உப்பு
அப்படி முடிந்த ஒரு வழக்கு.
கார்பனுக்கு இரண்டும் வராது.
நான்கை இழக்க மனமில்லை,
நான்கைப் பிடுங்க வலுவில்லை.
"இங்கே உட்காரலாமா" என்று வருபவரை
உட்காரவைத்துக்கொள்ளும்.
உட்கார்ந்தபின் அந்த எலக்ட்ரான் யாருடையது
என்ற பேச்சே எழாது.

பாடநூலில் அதற்கு நான்கு கைகள் வரைந்திருந்தார்கள்.
கை என்றால் உதறிவிடலாம்.
உலை எண்ணூற்றைம்பது பாகை தொட்டால்தான்
எங்களிடம் அது உதறுகிறது,
அதுவும் அரை நொடியில் வேறொன்றைப் பற்ற.

சாத்தே கடையில் கரி சிவக்கிறது.
ஒரு கார்பன், இருபுறமும் இரண்டு ஆக்ஸிஜன்,
ஆளுக்கு இரண்டு இருக்கை எடுத்துக்கொண்டு
யார் கண்ணிலும் படாமல் கூரையைக் கடக்கின்றன.

பக்கத்து மேசையில் ஒரு ஜோடி,
இரண்டு கைகளையும் கோத்தபடி.
தட்டோடு ஒரு முதியவர் வந்து நிற்க
அந்தப் பெண் ஒரு கையை மட்டும் விடுவித்து
முக்காலியிலிருந்த பையை நகர்த்துகிறாள்.
எத்திலீன்! என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.
முதியவர் தன்னைக் கூப்பிட்டதாக நினைத்துத்
தலையசைத்தார்.

ஏழு பதினான்கு.
இன்று நெரிசல் என்கிறான் சேந்தன்,
டிஷ்யூவை எடுத்து முகம் துடைத்தபடி.
மிச்சமிருந்த இரண்டு முக்காலிகளில்
யாரோ இருவர் லக்சாவோடு.
பேச நினைத்த வாடகை விஷயம் பேசவில்லை.

முடிச்சிட்ட பையில் என் தேத்தாரே.
போன வருடம் குழாயில் நான் சோதித்த வாயுவாகவும் இருக்கலாம்,
அவன் கோத்த சங்கிலியாகவும் இருக்கலாம் இந்தப் பை.
உறிஞ்சியில் ஒரு மிடறு இழுத்துவிட்டு
என்னிடம் நீட்டுகிறான்.

பேருந்தின் முன்னிருக்கைக் கொக்கியில்
அதை மாட்டுகிறேன்.
வளைவுகளில் ஆடுகிறது,
சூடாக,
ஒரு மிடறு குறைவாக.