ஏழாவது டேக்

கம்பெனிக்காரர்கள் தங்கச்சிமடத்துக்கு வந்து கேட்டது
சிங்களம் பேசத் தெரிந்த ஆளை.
எட்டு மாதம் வவுனியா சிறையில் படித்தவன் நான்,
கை தூக்கினேன்.
நேவி சட்டை தோளில் பிடித்தது.
கால்சட்டையை நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள்.
சாப்பாடு போக நாளுக்கு எண்ணூறு.

முதல் நாள் கதாநாயகனை உதைக்க வேண்டும்.
மெட்ராஸ் பையன், முதுகில் ஒரு தழும்பு இல்லை.
"இன்னும் கோபமா, இன்னாசி!" மைக்கில் டைரக்டர்.
பூட்ஸ் எங்கே விழும் என்று
என் இடது விலாவுக்குத் தெரியும்.
அங்கேயே வைத்தேன், மெதுவாக.
கரையில் நின்ற ஜனம் விசிலடித்தது.
சந்தியா மட்டும்
மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கடைசி நாள் சமாதானக் காட்சி.
இரண்டு படகு, நடுக்கடல், உதிக்கிற சூரியன்,
நான் அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்.
வாடைக் காற்று. படகோடு படகு முட்டியது.
கேமராக்காரர் இரண்டு தடவை வாந்தி எடுத்தார்.
ஆறு டேக் போனது.
"நிஜத்தில் எப்படி நடந்தது?" என்றார் டைரக்டர், சலித்துப்போய்.

நிஜத்தில் யாரும் கட்டிப்பிடிக்கவில்லை, சார்.
சுனந்த என்று ஒரு வார்டர்.
அவன் அண்ணன் ஆனையிறவில் செத்தவன்.
விடியுமுன் கம்பி வழியே டம்ளரை நீட்டுவான்:
"மல்லி, தே பிவ்வத?"
கொத்தமல்லிக் காப்பி என்று நினைத்து
ஒரு வாரம் மோந்து மோந்து குடித்தேன்.
வெறும் பிளேன்டீ.
அப்புறம்தான் தெரிந்தது,
அவன் பாஷையில் மல்லி என்றால் தம்பி.

ஏழாவது டேக்கில் டம்ளர் நீட்டினேன்.
சூரியன் ஏறிவிட்டது, பரவாயில்லை என்றார்கள்.

டைரக்டரிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
அந்தப் படத்தில் நெடுந்தீவு மரியநேசன் இல்லை.
சீருடை இல்லாதவன். என் தமிழே பேசுகிறவன்.
நகையை அடகு வைத்து அவன் வாங்கிய வலையை
எங்கள் இரட்டைமடி ஒரே ராத்திரியில்
நார் நாராய் வாரிக்கொண்டு வந்தது.
ஒரு மிதவையில் பெயின்டால் அவன் பெயரும் போன் நம்பரும்.
அதைத் திரும்பக் கடலில் எறிய மனசு வரவில்லை,
கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடக்கிறது.

மறுமாதம் எங்களைப் பிடித்தார்கள்.
ஊர்காவற்றுறைக் கோர்ட்டில்
வலை இழந்தவர்கள் பெயரைக் கூப்பிட்டபோது அவன் எழுந்தான்.
என்னைப் பார்த்தான். துப்பவில்லை.
துப்பியிருக்கலாம்.

படம் ராமநாதபுரத்தில் ஒன்பது நாள் ஓடியது,
பிறகு எல்லார் போனிலும்.
ஒரு ராத்திரி மிதவையைத் துடைத்து
நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தி
டம்ளர் காட்சியை மட்டும் அனுப்பினேன்.
கூட ஒரு வரி: மிதவை என்னிடம் இருக்கிறது.

மூன்றாம் நாள் அவன் குரல் வந்தது:
"படம் பாத்தனான். உங்கட காற்சட்டை
கழண்டு விழப்போகுதெண்டு பயந்துகொண்டிருந்தனான்."
சிரித்தானா, தெரியவில்லை.
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
அந்தக் காற்றுதான் இங்கேயும் கூரையைத் தட்டுகிறது.
பிறகு,
"வலை என்ன விலையெண்டு கேக்கமாட்டியளோ?"

பேச அமுக்கினேன். அழித்தேன்.
மறுபடி அமுக்கினேன்.
இங்கே கட் சொல்ல ஆளில்லை.
பக்கத்தில் சந்தியா, ஒன்றும் பேசாமல்,
காதுத் தோட்டின் திருகைக்
கழற்றிக்கொண்டிருந்தாள்.