ஐஸ் கணக்கு

கம்பெனியில் ரத்தப் பரிசோதனை.
படிவத்தில் இரண்டு கட்டம்.
சைவம். அசைவம்.
பேனா நடுவில் நின்றுவிட்டது,
எண்ணூர் ரோட்டில் இரண்டு கன்டெய்னர் லாரிக்கிடையே
மாட்டிக்கொண்ட ஆட்டோ போல.

"மீன் மட்டும்" என்றேன்.
ஊசியோடு வந்த பையன் நிமிரக்கூட இல்லை.
"மீன் மட்டும்னா வெஜ்தான் மேடம்."
அவனே டிக் போட்டான்.
இவ்வளவு சுலபமாக எனக்கு
யாரும் மன்னிப்பு தந்ததில்லை.

காசிமேட்டு ஐஸ் பிளாண்ட்டில்
பதினோரு வருடமாகக் கணக்கெழுதுகிறேன்.
எந்தப் படகுக்கு எத்தனை பார், யார் பாக்கி.
மீனைத் தொட்டதில்லை,
மீன் படுக்கும் மெத்தையை விற்றதோடு சரி.
திருவொற்றியூர் வீட்டில்
கிருத்திகை வந்தால் வெங்காயமே வெளியே போய்விடும்.

பாக்கி கட்ட வந்த ஒரு மத்தியானம்
அஞ்சலாட்சி என் தயிர்சாதத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள்.
தூக்கு மூடியில் கொஞ்சம் காரப்பொடி வறுவல்.
"நான் அசைவம் சாப்பிட மாட்டேன்க்கா."
"இன்னாம்மே, அசைஞ்சாத்தானே அசைவம்?
இது அசையுதா பாரு."
பார்த்தேன்.
என் நாக்குதான் அசைந்தது.

மணத்தக்காளி வத்தல் மாதிரிதான் இருந்தது என்று
அன்றிரவு சாமி விளக்கிடம் சொன்னேன்.
பிறகு நெத்திலி.
பிறகு சுதும்பு; முள்ளெடுக்கத் தெரியாமல்
தொண்டையில் ஒரு நாள் முழுக்கக் கேள்விக்குறி.
பிறகு சங்கரா.
கோழி கூடாது. ஆடு கூடாது. முட்டையும்.
"மீன் கத்தாது இல்லையா" என்று ஒரு காரணம் வைத்திருந்தேன்.
கத்தாததை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்;
சம்பள உயர்வில் என்னையும்
அப்படித்தான் செய்தார்கள் என்பது
தாமதமாகத்தான் உறைத்தது.

வீட்டுக்காரர் சபாநாயகம் வெற்றிலை போடுகிறவர்.
கல் சுண்ணாம்பில் நாக்கு வெந்துவிடுமாம்,
கிளிஞ்சல் சுண்ணாம்புதான் ஆகும்.
"கிளிஞ்சல் எதுலேர்ந்து வருது?" என்றேன் ஒரு ராத்திரி.
மெல்வதை நிறுத்தினார்.
"அது வெறும் ஓடு."
"உள்ளே இருந்தவர்?"
"வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருப்பார்."
மறுபடி மென்றார், கொஞ்சம் மெதுவாக.

நாகப்பட்டினத்துப் பரதவர் ஒருவர்
வலையில் விழும் முதல் மீனை
ஈசனுக்கென்று விட்ட கதை எங்களுடையதுதான்.
ஈசன் வேண்டாமென்று சொன்னதாக இல்லை.
அப்படியானால் மீன் சைவமே என்று
எனக்குள் நெடுநாள் வாதாடி ஜெயித்திருந்தேன்.
போன மாதம் பாத்திரம் துலக்கும்போதுதான் பட்டது:
ஈசன் பங்கு மீன்
கடலுக்கே நீந்திப் போய்விட்டது.

தடைக்காலம் வந்தது.
விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்க
ஐஸ் யாருக்கும் வேண்டாம்.
அஞ்சலாட்சி தூக்கில் முருங்கைக்கீரை.
"ரெண்டு மாசம் நானும் உங்க சாதிதான்" என்று சிரித்தாள்.
ஏன் பிடிக்கக் கூடாது என்று கேட்டதற்கு
நாட்டுப்படகில் வந்த கானாங்கத்தை ஒன்றை
அரிந்து காட்டினாள்.
மஞ்சளாக, கேழ்வரகு போல, பைநிறையச் சினை.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக
பற்றில் எழுதுவதா வரவில் எழுதுவதா தெரியவில்லை.
ஒன்று என்றா?
நாற்பதாயிரம் என்றா?
அன்று சாப்பிடவில்லை.
மறுநாள் சாப்பிட்டேன்.

ரிசல்ட் வந்துவிட்டது. பி பன்னிரண்டு குறைவு.
"வெஜ்காரங்களுக்கு வர்றதுதான் மேடம்."
மறுக்க வாய் வரவில்லை.

எலுமிச்சை மூடியால் கையைத் தேய்த்துவிட்டுத்தான்
பஸ் ஏறுவேன்.
கேட்டால், ஐஸ் வாடை.
ஐஸுக்கு வாடை கிடையாதென்று
அவருக்கும் தெரியும்.
சபாநாயகம் வாங்கிவரும் காய்கறிப் பையில்
கொஞ்ச நாளாக
இரண்டு எலுமிச்சம்பழம் இருக்கிறது.

ரசத்துக்கு ஒன்று போதும்.